பதனிடாத தோலின் ஒலி: தெருக்குரல் அறிவின் இசையில் மூதாதையர் நினைவும் புத்தொலி முயற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

அரக்கோணத்தில் பிறந்த பாடலாசிரியரும் சொல்லிசைக் கலைஞருமான அறிவு, ஒப்பாரி முதலிய நாட்டார் வடிவங்களை ராப் இசையோடும் மின்னணு ஒலியோடும் இணைத்துப் பாடல்களை உருவாக்கி வருபவர். இப்பாடல்களை ‘நாட்டார் இசையின் மீட்பு’ என வகைப்படுத்துவது பொருந்துமா என்பதை இக்கட்டுரை வினவுகிறது. வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தின் பொருளியல் பின்னணியில் பறை, ஒப்பாரி ஆகிய இரண்டின் உழைப்பு வரலாற்றையும் அது கருத்தில் கொள்கிறது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இணையான முயற்சிகள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒப்பாரி, பறை, சொல்லிசை, மலையகம், தோல் தொழில், படைப்புரிமை

தோலின் இரு வழிகள்

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் வட்டாரம் தோல் தொழிலால் அறியப்படுவது. விலங்கின் பச்சைத்தோல் இங்குச் சுண்ணாம்பில் ஊறி, முடி நீங்கி, முற்காலத்தில் ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும், பிற்காலத்தில் குரோமிய உப்பாலும் பதனிடப்பட்டுக் காலணியாகவும் பையாகவும் கடல் கடக்கிறது. பறைக்கு உரிய தோலும் ஏறத்தாழ இதே முதற்படியைக் கடப்பதுதான். ஊறவைத்தலும் முடி நீக்கலும் அதற்கும் உண்டு. பதனிடுதல் மட்டும் இல்லை. ஈரம் காயுமுன் மரவளையத்தில் இழுத்து ஒட்டப்படும் அத்தோல் காய்ந்து விறைக்கிறது; தீயில் வாட்டும்தோறும் குரல் ஏறுகிறது. பதனிட்ட தோல் மென்மை பெறும், அழுகாது, விலை போகும். ஆயினும் அதில் ஓசை எழாது. பதனிடாத தோலுக்கு ஓசை உண்டு. அதைத் தொட்ட கைக்குத் தீட்டும் உண்டு.

ஒரே மூலப்பொருள் ஒரு வழியில் அந்நியச் செலாவணியாகவும் மறு வழியில் சாதி இழிவாகவும் மாறும் இந்த வேறுபாட்டை இவ்வட்டார இசையைப் பற்றிய பேச்சுகள் அதிகம் பொருட்படுத்தியதில்லை. தோல் தொழில் பற்றிய ஆய்வு பொருளியல், சூழலியல் துறைகளிலும், பறை பற்றிய ஆய்வு நாட்டாரியல் துறையிலும் தனித்தனியே நடந்துவந்தன. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுவதும், புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனை நான்கு குடிகளுள் ஒருவனாகச் சுட்டுவதும் நாட்டாரியல் கட்டுரைகளில் தவறாது இடம்பெறுகின்றன. அத்தொன்மைச் சான்றுகள் தேவையானவையே. ஆனால் அவற்றோடு நிற்கும் ஆய்வு, பறையை அருங்காட்சியகப் பொருளாக்கும் இடரை உடையது.

அரக்கோணம் இவ்வட்டாரத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள இருப்புப்பாதை நகரம். 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது ‘வட ஆர்க்காடு அம்பேத்கர்’ என்று பெயர் பெற்று, பின்னர் வேலூர் என மாறிய மாவட்டத்தில் அது அடங்கியிருந்தது. 2019 நவம்பரில் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கு உரியதாயிற்று. அறிவரசு கலைநேசன் என்னும் இயற்பெயருடைய அறிவு இவ்வூரினர். தோல் தொழில் அவருடைய பாடுபொருள் அன்று. இந்த இன்மைக்குக் கட்டுரை பின்னர்த் திரும்பும்.

பேராண்டி என்னும் தன்னடையாளம்

2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெறப்பட்டது. கானா, ராப், ராக் ஆகியவற்றுக்கு இடையே பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒலித்த அம்மேடையில்தான் அறிவு பரவலாகக் கவனம் பெற்றார். 2019இல் ஓஃப்ரோவுடன் இணைந்து அவர் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பு அவருடைய பெயரின் முன்னொட்டாகவே நிலைத்தது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் கேட்கப்பட்டது. 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் தொகுப்பு வந்தது.

இவ்வரிசையில் கடைசித் தலைப்பே திறனாய்வுக்கு மிகுதியும் இடம் தருவது. வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. அவருடைய முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பியவர்கள் என்பதை அறிவு பலமுறை பொதுவெளியில் கூறியுள்ளார். கலைஞன் ஒருவன் தன்னைத் தந்தை வழியாலோ ஊராலோ குலத்தாலோ அடையாளப்படுத்தாமல் ஒரு கிழவியின் பேரன் என்று அறிவித்துக்கொள்வது தமிழ் மேடை மரபில் அரிது. தமிழ்த் திரையிசையில் முன்னோர் பெருமை குறைவாகப் பாடப்படவில்லை. தொண்ணூறுகள் தொட்டுத் தென்மாவட்டக் களங்களில் எழுந்த பல பாடல்கள் ‘ஆண்ட பரம்பரை’ என்னும் சொல்லாடலைப் பறையோசையோடும் உருமியோடும் பரப்பின. அங்கே மூதாதை நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் உரிமைப் பத்திரம். அறிவிடம் மூதாதை ஒரு கடன். பேரனால் தீர்க்க முடியாத கடன்.

இக்கடனுக்கு வரலாற்று அடிப்படை உண்டு. கங்காணிகள் வழியே இலங்கைக்குப் பெயர்ந்த தமிழ்த் தொழிலாளர், முதலில் காப்பித் தோட்டங்களிலும், இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் ஒப்பந்தம் பாதி பாதியாகப் பிரித்தது. மனிதரைப் பங்கிட்ட இக்கணக்கில் எந்தப் பாட்டியின் பெயரும் இல்லை. திரும்பியவர்களுக்கு ஊரில் நிலமும் இல்லை. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போன மண்ணுக்கே அவர்கள் வந்து சேர்ந்தனர்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குடிவழித் தேடல்கள் அடிமை விற்பனைச் சீட்டில் வந்து முட்டி நிற்பது பலரும் எழுதிய செய்தி. ஆவணம் நின்றுபோன இடத்தில் பாட்டியின் வாய்மொழியே ஆவணக் காப்பகமாகிறது. வட கரோலினாவைச் சேர்ந்த ரியானன் கிடன்ஸ், ஜோ தாம்சன் என்னும் முதிய பிடில் கலைஞரிடம் நேரில் கற்று, 2005இல் ‘கரோலினா சாக்லெட் டிராப்ஸ்’ குழுவைத் தோழர்களோடு தொடங்கினார். வெள்ளையரின் கருவியாகவே எண்ணப்பட்டுவந்த பான்ஜோ, மேற்காப்பிரிக்கச் சுரைக்குடுக்கைக் கருவிகளின் வழித்தோன்றல் என்பதை அவர் மேடைதோறும் நிறுவினார். அதன் முகமும் பறையைப் போல இழுத்துக் கட்டிய தோலே. ஜேக் பிளவுன்ட் 2022இல் வெளியிட்ட ‘தி நியூ ஃபெய்த்’ தொகுப்பில், சூழல் பேரழிவுக்குப் பிந்தைய கற்பனைக் காலத்தில் எஞ்சிய கறுப்பின மக்கள் நடத்தும் வழிபாடாகப் பழைய ஆன்மிகப் பாடல்கள் மறுவடிவம் பெறுகின்றன. கிடன்ஸ் பின்னோக்கி நடந்து கருவியை மீட்கிறார். பிளவுன்ட் மரபை முன்னோக்கி எறிகிறார். அறிவு இவ்விரண்டில் எதையும் முழுமையாகச் செய்வதில்லை. அவருடைய பாடலில் பாட்டியும் பேரனும் ஒரே காலத்தில் நின்று பேசுகின்றனர்.

‘சாமி’ என்னும் விளி

‘எஞ்சாமி’ என்னும் சொல்லின் பொருள் எளிதாகத் தோன்றுவது. ‘என் சாமி’ என்பதன் பேச்சு வடிவம் அது. நிலமற்ற கூலியாள் ஆண்டையை விளித்த சொல் ‘சாமி’. அதே கூலியாள் வீடு திரும்பித் தன் பேரக்குழந்தையை மடியிலிட்டுக் கொஞ்சும் சொல்லும் ‘சாமி’தான். களத்துமேட்டில் கைகட்டி உரைத்த சொல் குடிசையில் முத்தமாகிறது. ஒரே விளி, இரு திசை. இச்சொல்லின் பக்கத்தில் ‘என்ஜாய்’ என்னும் ஆங்கில ஏவலை வைத்தது ஓசைப் பொருத்தம் கருதிய விளையாட்டு எனச் சிலர் தள்ளிவிட்டனர். அது விளையாட்டுத்தான், ஆனால் ஆண்டையை நோக்கிய விளியை உரிமையோடு பறித்துக் குழந்தைக்குக் கொடுக்கும் விளையாட்டு. நுகர்தலுக்கு உரியவன் யார் என்னும் வினாவைத் தலைப்பே தொடுத்துவிடுகிறது.

பாடலின் உட்பகுதியில் மரம் நட்டுத் தோட்டம் வளர்த்தவளுக்கு அதன் பயன் எட்டாத துயரம் வருகிறது. ஒப்பாரியின் இலக்கணம் அங்கே தெளிவாகக் கேட்கிறது: உறவுமுறை விளி, வளர்த்ததையும் இழந்ததையும் எதிரெதிர் நிறுத்தும் முறை, அடியிறுதியில் நீண்டு இறங்கும் குரல். ஒப்பாரியில் இறந்தவர் எதிரில் கிடப்பார். பாடுபவள் அவரை நோக்கிக் கேள்வி கேட்பாள். இங்கே எதிரில் கிடப்பது நிலம். பறிபோன நிலத்தைப் பிணமாக்கி அதன்மேல் பாடாமல், இன்னும் உயிரோடிருப்பதாகக் கருதி அதற்கு உரியவர்களை அழைப்பதால், பாடல் ஒப்பாரியிலிருந்து மெல்ல விலகித் தாலாட்டின் பக்கம் சாய்கிறது. நாட்டாரியலாளர் தாலாட்டையும் ஒப்பாரியையும் வாழ்வின் இரு முனைகளில் வைத்து வகைப்படுத்துவது வழக்கம். இரண்டையும் பாடுபவள் ஒருத்தியே என்பதை அவ்வகைப்பாடு பலவேளை மறக்கச் செய்துவிடுகிறது.

துயரும் ஆடலும் ஒரே தாளத்தில் நிற்பது குறித்து எழுந்த குறை ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. மக்கள் இப்பாடலுக்கு ஆடினார்கள், அழவில்லை. ஆகவே அதன் அரசியல் கரைந்துவிட்டது என்பது அக்குறை. சாவு வீட்டில் பறையடித்து ஆடிச்செல்லும் வழக்கத்தை அறிந்த சமூகத்துக்கு இக்குறை புறத்தேயிருந்து வருவது. பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் காட்டி உலகின் கொடுமையை உணர்த்தினார் (புறநானூறு 194). அங்கே வீடுகள் இரண்டு. பறையடிப்பவனுக்கோ இரண்டு வீட்டிலும் வேலை, கை ஒன்றே. அந்தக் கையின் நோக்கிலிருந்து கேட்டால், துயரையும் கொண்டாட்டத்தையும் பிரிப்பது கேட்பவரின் வசதி மட்டுமே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒப்பாரி பெண்களின் வடிவம். ஆண்டை வீட்டுச் சாவில் சேரிப் பெண்கள் கட்டாயக் கடமையாகப் பாடிய வரலாறும் அதற்கு உண்டு. ‘கூலிக்கு மாரடித்தல்’ என்று இன்று மனம் ஒன்றாத உழைப்பைக் குறிக்க எளிதாக வழங்கும் தொடர், அப்பெண்களின் உழைப்பைப் புதைத்து வைத்திருக்கும் தொடர். அவ்வடிவம் பேரனின் குரலுக்கு இடம் மாறும்போது பாட்டி பாடுபவள் என்னும் நிலையிலிருந்து பாடப்படுபவள் என்னும் நிலைக்குப் பெயர்கிறாள். ‘என்ஜாய் எஞ்சாமி’யில் தீயின் குரல் இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது என வாதிடலாம், இலங்கைத் தமிழ்ப் பின்புலம் உடைய ஓர் இளம்பெண்ணின் குரல் அது. ஆனால் ராப்பின் முன்னிலைப் பேச்சு, வாதாடும் வேகம், சொல்லடுக்கு ஆகியவை பேரனுடையவையே. கதையின் சுமை அவர் குரலில்தான் ஏறுகிறது. இது பாடலின் தோல்வியன்று, அதன் எல்லை.

மீட்பும் மறுகற்பனையும்

நாட்டார் இசையைத் தலித் அரசியலோடு இணைத்த முயற்சிகள் அறிவுக்கு முன்பே வலுவாக இருந்தன. ‘தன்னானே’ குழுவை நடத்திய கே.ஏ. குணசேகரன் (1955–2016) இன்குலாப்பின் பாடலை மேடைதோறும் பாடிப் பரப்பினார். ‘பரட்டை’ என அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940–2005) மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கிராமிய மெட்டுகளைக் கொண்டு தலித் இறையியலையே பாடலாக்கினார். அவர்கள் காலத்தின் தேவை, இழிவெனத் தள்ளப்பட்ட இசைக்கு மதிப்பை மீட்டுத் தருவது. மெட்டு நாட்டார் மெட்டாகவே இருக்கவேண்டும் என்பது அழகியல் நெறி மட்டுமன்று. அது தன்மான நெறியும் ஆகும்.

அறிவின் தலைமுறைக்கு அந்நெறி கட்டாயமாக இல்லை. ‘தெருக்குரல்’ தொகுப்பில் ஓஃப்ரோவின் மின்னணுத் தாளம் நாட்டார் தாளத்தைப் போலிசெய்ய முனைவதில்லை. சொல்லே தாளத்தைச் சுமக்கிறது. தமிழின் வல்லின இரட்டிப்பு, எதுகை, மோனை ஆகியவை ராப்புக்குத் தாமாகவே பொருந்துகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மை. ஆங்கில ராப்பில் சொல்லழுத்தம் தாளத்தோடு மோதி உண்டாக்கும் இழுபறி தமிழில் அதே வகையில் கிட்டாது. குறில் நெடில் அளவே தமிழில் தாளத்தை நிறுத்துவது. அறிவு இவ்விடத்தில் கையாளும் உத்தி குறிப்பிடத்தக்கது: நெடிலைச் சுருக்காமல், ஒப்பாரிக்காரியைப் போல அடியிறுதியில் நீட்டிவிட்டு, அடுத்த அடியைக் குறில்களால் நிரப்பி விரைகிறார். இழுத்தலும் விரைதலும் மாறிமாறி வரும் இந்நடை கானாவிலும் உண்டு. அமெரிக்க வடிவத்தின் இறக்குமதி என்று இதனை ஒதுக்குவோர் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

டென்மாவின் பங்கையும் இங்கே மறத்தல் ஆகாது. ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்த அவர், பறையை ‘நாட்டுப்புறச் சுவை’ சேர்க்கும் துணைக்கருவியாக அன்றி, கித்தாருக்கு நிகராக உரசி நிற்கும் ஒலியாகப் பயன்படுத்தியவர். மீட்பில் கருவிக்கு மரியாதை கிடைக்கிறது. மறுகற்பனையில் கருவிக்கு மரியாதையைவிட வேலை கிடைக்கிறது. இரண்டாவது பறைக்கு உகந்தது எனக் கொள்ள இடமுண்டு.

யாருடைய பாடல்

‘என்ஜாய் எஞ்சாமி’யின் வெற்றிக்குப்பின் எழுந்த உரிமைச் சிக்கல் செய்தித்தாள்களில் ஆளுமை மோதலாகவே சித்திரிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது குறித்துப் பா. இரஞ்சித் கேள்வி எழுப்பினார். பின்னர் அவ்விதழ் அறிவுக்கென ஓர் எண்ணிம அட்டையை வெளியிட்டது. 2022 சூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. அதன்பின், பாடலை உருவாக்கி, எழுதி, பாடி, நிகழ்த்தியவர் தாமே என்று அறிவு சமூக ஊடகத்தில் எழுதினார். இசையமைப்பும் தயாரிப்பும் தம்முடையவை என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024 மார்ச்சில், வெளியீட்டு நிறுவனமான மாஜ்ஜாவிடமிருந்து கலைஞர்களுக்கு வருவாயே வரவில்லை என்று அவரே அறிவித்தார்.

இவ்வழக்கில் தீர்ப்புரைப்பது திறனாய்வின் வேலையன்று. ஆனால் சிக்கலின் வேர் தனிமனிதரிடம் இல்லை என்பதைக் காட்டுவது அதன் வேலை. பதிப்புரிமைச் சட்டம் பாடலைச் சொல், இசை, ஒலிப்பதிவு எனக் கூறுபோடுகிறது. ஒப்பாரியில் சொல்லும் மெட்டும் பிரிவதில்லை. சொல்லும்போதே மெட்டு உண்டாகிறது. அவ்வடிவத்திலிருந்து வரும் கலைஞர் எழுதுதலையும் இசையமைத்தலையும் ஒன்றாகவே உணர்வதும், ஒலிக்கூடத்தில் பணியாற்றும் இசையமைப்பாளர் அவற்றை இரண்டாகக் காண்பதும் இரு வேறு இசை மரபுகளின் நேர்மையான புரிதல்கள். பாட்டிக்கோ இவ்வட்டவணையில் எந்தக் கூறிலும் இடமில்லை.

அமெரிக்காவில் லெட் பெல்லி பாடிய ‘குட்நைட், ஐரீன்’ பாடலின் உரிமையில், அவருடைய பெயரோடு அவரைப் பதிவுசெய்த நாட்டாரியலாளர் ஜான் லோமாக்ஸின் பெயரும் சேர்ந்தது. லெட் பெல்லி 1949 திசம்பரில் இறந்தார். 1950இல் ‘தி வீவர்ஸ்’ என்னும் வெள்ளையர் குழு அப்பாடலைப் பெருவெற்றி ஆக்கியது. சேகரிப்பாளரின் பெயர் நூலட்டையில் நிற்க, பாடியவள் ‘தகவலாளி’யாக அடிக்குறிப்பில் ஒடுங்கும் தமிழ் நாட்டாரியல் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால், தமிழ்த்துறைகளும் இவ்வினாவுக்கு வெளியே நிற்க முடியாது என்பது புலப்படும். முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளில் பெயரும் அகவையும் மட்டும் தாங்கி நிற்கும் பாட்டிகள் பலர்.

பாலாற்றங்கரையில் கேட்டல்

‘என்ஜாய் எஞ்சாமி’யில் நிலமும் தோட்டமும் விதையும் உயிரினங்களும் உண்டு; தோல் பதனிடும் தொட்டி இல்லை. பாடலுக்குள் இல்லாததைக் கொண்டு அதனைக் குறைகூறுவது முறையன்று. ஆனால் பாடலைக் கேட்கும் இடம் அதன் பொருளை மாற்றும். வளர்த்தவளின் தொண்டை வறண்டிருக்கும் படிமத்தை வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ நின்று கேட்பவருக்கு அது உவமையாக ஒலிக்காது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதைப் பதிவு செய்துள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்ற உதவிய தீர்ப்பு அது. நிலம் சாவதை இவ்வட்டாரத்தார் நேரில் கண்டவர்கள்.

2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். அவர்களுக்கான ஒப்பாரியைப் பாட அங்கே உறவுப் பெண்கள் இல்லை. இருந்திருந்தாலும் அது தமிழில் இருந்திராது. ஒரு தலைமுறைக்கு முன் கடல் கடந்து மலைநாட்டில் இறந்த தமிழ்த் தொழிலாளர் எவ்வாறு அந்நிலத்துக்கு அந்நியராயிருந்தனரோ, அவ்வாறே இவர்களும் பாலாற்றங்கரைக்கு அந்நியர்.

மூதாதை என்பதைக் குருதிவழியாக மட்டும் கொண்டால் வள்ளியம்மாளின் பேரனுக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் தொடர்பில்லை. கூலிக்குப் பெயர்ந்த உழைப்பின் வழியாகக் கொண்டால் தொடர்பு நெருக்கமானது. ‘சாமி’ என்னும் விளியைத் திசைமாற்றிய ஒரு கலை இந்த இரண்டாவது வழியையும் தன் குடிவழியாக ஏற்குமா, அதற்கான ஒலி பறையிலிருந்து வருமா அல்லது ஆலையின் உருளைகள் இடைவிடாது சுழலும் ஓசையிலிருந்தே வருமா என்பது இவ்வட்டாரத்திலிருந்து இனி வரும் பாடல்களிடம் கேட்கவேண்டிய கேள்வி.